கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர்: வியாபாரிக்கு எதற்கு?



சில மாதங்களுக்கு முன் நமது சங்கக் கூட்டத்தில் நாங்கள் எழுந்து, "விர்ச்சுவலைசேஷன் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி உறுப்பினர்களுக்கு ஒரு வகுப்பு வைக்க வேண்டும்" என்று சொன்னபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "அண்ணாச்சி, ஆன்லைன் கம்பெனிக்காரன் வீட்டு வாசலில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டுப் போகிறான், அதற்கு வழி சொல்லாமல் வாயில் நுழையாத பெயரையெல்லாம் சொல்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அன்று நேரமில்லாததால் பதில் சொல்ல முடியவில்லை. அதை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். ஆடலூரில் மொத்தக் கடை. மேலே இருக்கிற சிற்றூர்க் கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுக்கிறோம். தோட்டக்காரர்களிடம் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கிக் கீழே அனுப்புகிறோம். எனவே பெரிய விஞ்ஞானம் பேசப் போவதில்லை. பட்டதைச் சொல்கிறோம்.

எங்கள் கடையில் இரண்டு கணக்கு உண்டு. ஒன்று ஜி.எஸ்.டி. கணக்கு. 2017 ஜூலையில் அந்த வரி வந்ததிலிருந்து டாலியில் போடுகிறோம். மற்றது தோட்டக்காரர் பற்று வரவு. அது அதற்கு வெகு முன்பே, எங்களுக்குத் தெரிந்த ஒரு பையன் கறுப்புத் திரையில் எழுதிக் கொடுத்த டாஸ் புரோகிராம். எந்தத் தோட்டக்காரருக்கு எந்தப் பட்டத்தில் எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், எத்தனை கிலோ மிளகில் கழிந்தது, அப்பா காலத்துப் பாக்கியில் மகன் எவ்வளவு அடைத்தார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. எழுதிக் கொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டான். புரோகிராம் மட்டும் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸ்பிக்கு அந்தக் கம்பெனி 2014லேயே கையை விரித்துவிட்டது. நாங்கள் கவலைப்படவில்லை. ஓடுகிற வண்டியை ஏன் இறக்க வேண்டும் என்று இருந்துவிட்டோம்.

2022 மழைக்காலத்தில் அந்தப் பெட்டிக்குள் கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தது. ஹார்ட் டிஸ்க் போகப் போகிறது என்றார்கள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். அதில் அந்தப் பழைய புரோகிராம் திறக்கவே இல்லை. இப்போது வருகிற 64 பிட் விண்டோஸ், டாஸ் காலத்துப் புரோகிராம்களை ஏற்காது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. லட்சக்கணக்கான ரூபாய் முன்பணம் வெளியே நிற்கிறது. அதற்குச் சாட்சி அந்தப் பெட்டி ஒன்றுதான். துண்டுச் சீட்டும் கிடையாது, பேரேடும் கிடையாது. அன்றிரவு நாங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறோம்.

தங்கை மகன் மதுரையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். விஷயத்தைச் சொன்னதும் வந்தார். "மாமா, இந்தப் பெட்டியை அப்படியே உயிரோடு எடுத்துப் புதுப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்" என்றார். எங்களுக்கு விளங்கவில்லை. டிஸ்க்2விஎச்டி என்ற ஒரு சின்ன இலவசக் கருவியை ஓட்டினார். பழைய பெட்டியின் டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு ஃபைலாக மாறியது. அதைப் புதுக் கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற புரோகிராமுக்குள் திறந்தார். ஜன்னலுக்குள் ஜன்னல் போல, புதுக் கம்ப்யூட்டர் திரைக்குள் எங்கள் பழைய எக்ஸ்பி எழுந்து நின்றது. அதே பச்சை மலைப் படம், அதே கறுப்புத் திரை, அதே பற்று வரவு. இதுதான் விர்ச்சுவலைசேஷன். இல்லாத ஒரு கம்ப்யூட்டரை, இருக்கிற கம்ப்யூட்டருக்குள் இருப்பது போல ஆக்குவது.

நமக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால் கிட்டங்கியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஆள் பெரிய கிட்டங்கி ஒன்றைக் கட்டி, பத்து மூட்டையை மூலையில் போட்டுவிட்டு மீதி இடத்தைச் சும்மா வைத்திருந்தால் நஷ்டம். தடுப்புப் போட்டு ஐந்து வியாபாரிகளுக்குக் கொடுத்து, ஆளுக்கொரு பூட்டுப் போட்டால் ஒருவர் சரக்கு மற்றவர் கண்ணில் படாது. கரண்ட்டு, கூரை, காவல் எல்லாம் பொது. இந்தத் தடுப்பைப் போட்டு, யாருக்கு எவ்வளவு இடம் என்று அளந்து கொடுக்கிற கிட்டங்கிக் கணக்கப்பிள்ளைதான் ஹைப்பர்வைசர் என்கிற மென்பொருள். தடுப்புக்குள் இருக்கிற ஒவ்வொரு கடையும் ஒரு விர்ச்சுவல் மெஷின். உள்ளே இருக்கிற விண்டோஸுக்குத் தான் வாடகைக்கு இருப்பது தெரியாது. முழுக் கட்டடமும் தன்னுடையது என்றே நினைத்துக்கொண்டிருக்கும்.

இது நேற்று வந்த புதுமை அல்ல. 1960களில் ஐ.பி.எம். கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒன்று ஒரு அறையை அடைத்துக்கொள்ளும். விலையோ சொல்லி மாளாது. ஒரே ஆள் உட்கார்ந்து தட்டினால் கட்டுப்படியாகுமா? எனவே ஒரு பெட்டியைப் பல பேருக்குத் தனித்தனிப் பெட்டி போலக் காட்டும் வித்தையை அப்போதே கண்டுபிடித்தார்கள். 1972ல் வி.எம்./370 என்ற பெயரில் அதை வெளியிட்டார்கள். பிறகு சின்னக் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைத்ததும் வித்தை மறந்துபோனது. 1998ல் அமெரிக்காவில் தொடங்கிய வி.எம்.வேர் கம்பெனி மறு ஆண்டே சாதாரண மேசைக் கம்ப்யூட்டரிலும் அதைச் செய்து காட்டியது. 2005ல் இண்டலும் அதற்கு அடுத்த ஆண்டு ஏ.எம்.டி.யும் இதற்கான வசதியைச் சிப்பிலேயே வைத்தார்கள். ஆகவே இப்போது உங்கள் கடையில் இருக்கிற பில் போடும் கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் இது இருக்கும். பல பெட்டிகளில் அணைத்து வைத்திருப்பார்கள். பயாஸ் என்கிற முதல் திரைக்குள் போய் முடுக்கிவிட வேண்டும். எங்கள் மருமகன் முதல் அரை மணி நேரத்தை அதற்குத்தான் செலவழித்தார்.

எல்லாம் சுலபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். கணக்கு திறந்ததே தவிர, பிரிண்டர் வேலை செய்யவில்லை. எங்களுடையது டாட் மேட்ரிக்ஸ். அந்தப் பழைய புரோகிராமுக்குத் தெரிந்த ஒரே வாசல் பழைய காலத்து அகலமான பிரிண்டர் ஓட்டை. புதுக் கம்ப்யூட்டரில் அந்த ஓட்டையே கிடையாது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் யு.எஸ்.பி. மாற்றி ஒன்று வாங்கி, பிரிண்டரை வெளியே இருக்கும் விண்டோஸில் பொதுவில் பகிர்ந்து வைத்து, உள்ளே கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரிக் கட்டளை கொடுத்துப் பழைய வாசலை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார். டர்ர் என்று தாள் வெளியே வந்தபோது கடைப் பையன்கள் கை தட்டினார்கள். அந்த ஒரு வரியை எழுதிக் கல்லாப்பெட்டி மூடியில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

இதில் ஓர் எச்சரிக்கை. இப்படி உள்ளே வைத்த பழைய விண்டோஸை இன்டர்நெட்டோடு இணைக்கவே கூடாது. ஓட்டை விழுந்த கூரை அது. உள்ளே வைத்த விண்டோஸுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது. நமது உறுப்பினர்களில் எத்தனை பேர் கடையில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்று கணக்கெடுத்தால் பாதிப் பேராவது கை தூக்குவார்கள் என்று நினைக்கிறோம். எங்களுக்கு வந்த சங்கடம் உங்களுக்கு வரப் போகிறது, அவ்வளவுதான்.

இனி வாடகைக் கதைக்கு வருவோம். வகுப்பு வேண்டும் என்று நாங்கள் கேட்டதற்கு உண்மையான காரணமே அதுதான்.

2023ல் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். பெயர் வேண்டாம். "டாலியை கிளவுடில் போட்டுத் தருகிறோம், வீட்டிலிருந்தும் பார்க்கலாம், ஆடிட்டரும் பார்க்கலாம், கம்ப்யூட்டர் கெட்டாலும் கணக்கு கெடாது" என்றார்கள். கிளவுட் என்றதும் ஏதோ வானத்தில் இருப்பதாக நினைத்தோம். எங்கோ ஒரு கட்டடத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதில் தடுப்புப் போட்டு எங்களுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின். மேலே சொன்ன கிட்டங்கிதான், வேறொன்றுமில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று மாத வாடகை, ஒரு வருடப் பணம் முன்கூட்டியே. முதல் வருடம் நன்றாகவே ஓடியது. இரண்டாம் வருடம் வாடகையை ஏற்றினார்கள். பேசிப் பார்க்கலாம் என்று நாங்கள் நான்கு நாள் இழுத்தோம். 18ஆம் தேதி காலை கடையைத் திறந்து பார்த்தால் உள்ளே போக முடியவில்லை. பூட்டிவிட்டார்கள். 20ஆம் தேதிக்குள் 3பி ரிட்டர்ன் போட வேண்டும். தாமதித்தால் அபராதமும் வட்டியும். "எங்கள் கணக்கையாவது கொடுங்கள்" என்று கேட்டோம். "புதுப்பித்த பிறகு கொடுக்கிறோம்" என்றார்கள். கேட்ட பணத்தைக் கட்டினோம். வேறு என்ன செய்வது?

பணம் போனதுகூடப் பெரிதில்லை. எங்கள் சரக்கை எங்கள் கையில் எடுக்க வழி இருக்கிறதா என்று ஒப்பந்தம் போடும்போது கேட்கத் தெரியாமல் போனதே, அதுதான் வருத்தம். ஒரு கிட்டங்கியை வாடகைக்கு எடுக்கும்போது நாம் என்னென்ன கேட்போம்? கூரை ஒழுகுமா, எலி உண்டா, சாவி யாரிடம், காலி செய்ய எத்தனை நாள் தவணை, நெருப்புப் பிடித்தால் யார் பொறுப்பு? இருபது கேள்வி கேட்போம். கம்ப்யூட்டர் என்றதும் வாயடைத்துப் போகிறோம். அடிப்படை தெரியாததால் வந்த வாயடைப்பு இது.

நம்மை மட்டும்தான் இப்படிச் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். வி.எம்.வேர் கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் என்ற பெரிய கம்பெனி வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை காசு கொடுத்து வாங்கிக் காலமெல்லாம் வைத்துக்கொள்ளும் லைசென்ஸை நிறுத்திவிட்டு, இனிமேல் சந்தாதான் என்று அறிவித்தது. உலகம் முழுக்கப் பெரிய பெரிய நிறுவனங்கள் அலறின. அமெரிக்காவின் ஏ.டி.அண்ட்.டி. தொலைபேசிக் கம்பெனி 2024ல் கோர்ட்டுக்கே போய், பிறகு சமாதானம் செய்துகொண்டது. அவர்களுக்கே அந்தக் கதி. ஒரே மில்லில் மட்டும் கொள்முதல் செய்கிற வியாபாரிக்கு என்ன நேரும் என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மாற்று இருக்கிறது. லினக்ஸில் கே.வி.எம். என்பது 2007 முதல் இலவசமாகவே உண்டு. அதன்மேல் கட்டிய பிராக்ஸ்மாக்ஸ் ஆஸ்திரியா நாட்டுச் சரக்கு. விண்டோஸ் புரோவில் ஹைப்பர்-வி கூடவே வருகிறது. இந்தப் பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு, "இதில் எதில் போட்டிருக்கிறீர்கள், நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்ற முடியுமா?" என்று கேட்டாலே வந்தவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆயிரம் மூட்டை பிடிக்கிற கிட்டங்கியில் ஆளுக்கு நூறு மூட்டை இடம் என்று பதினைந்து பேரிடம் வாடகை வாங்கினால் என்னாகும்? எல்லோரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஓட்டலாம். தீபாவளிக்கு முன் வாரம் எல்லோரும் லாரியோடு வந்து நிற்பார்கள், அன்றைக்குத் தெரியும் கூத்து. கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். ஒரு பெட்டியில் இருக்கிற மெமரியைவிடக் கூடுதலாகப் பங்கு பிரித்து விற்க முடியும். மாதக் கடைசியிலும் ரிட்டர்ன் போடும் நாட்களிலும் திரை நகராமல் நின்றால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நமக்கென்று ஒதுக்கிய மெமரி நமக்கு மட்டும்தானா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

கணக்கை எங்கோ ஓர் இடத்தில் வைத்துவிட்டால் பத்திரம் என்பதும் தவறு. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் கம்பெனியின் கம்ப்யூட்டர் கட்டடம் ஒன்று எரிந்தே போனது. வேறிடத்தில் நகல் வைக்காதவர்கள் கணக்கு அதோடு போயிற்று. 2023 ஆகஸ்டில் டென்மார்க்கில் கிளவுட்நார்டிக் என்ற கம்பெனிக்குள் திருடர்கள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டார்கள். நகலும் அதே வலையில் இருந்ததால் நகலையும் சேர்த்தே பூட்டினார்கள். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோருக்கு எல்லாமே போயிற்று. நம் நாட்டிலும் 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற நிறுவனத்தில் இப்படி ஒரு தாக்குதல் நடந்தபோது, அவர்களிடம் கம்ப்யூட்டர் சேவை பெற்றுவந்த ஏறக்குறைய 300 சிறு வங்கிகள், பெரும்பாலும் கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளும், பணப் பரிமாற்ற வலையிலிருந்து தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டன. பலர் ஒரே கூரையின் கீழ் இருந்தால் வாடகை குறைவு. கூரை விழுந்தால் எல்லோர் தலையிலும்தான் விழும்.

அதற்காகக் கடைக்குள்ளேயே வைத்திருப்பதும் பத்திரமில்லை. 2023 டிசம்பரில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். தண்ணீர் புகுந்த கடையில் சரக்கும் போகும், தரையில் வைத்த கம்ப்யூட்டரும் போகும். சரக்கு போனால் கொடுத்தவருக்கு நம்மைத் தெரியும், தவணை தருவார். கணக்கு போனால் நமக்கே நம்மைத் தெரியாது. சட்டமும் சும்மா விடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கணக்கு வைத்தால் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57ஆவது விதி சொல்கிறது. வாடகைக்காரர் பூட்டிவிட்டார் என்று அதிகாரியிடம் சொன்னால் ஏற்பாரா?

விர்ச்சுவல் மெஷினில் ஸ்னாப்ஷாட் என்று ஒரு வசதி உண்டு. இந்த நிமிடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே ஒரு படம் பிடித்து வைக்கலாம். நாளை ஏதாவது கெட்டால் பின்னுக்குப் போகலாம். ரொம்ப நல்ல வசதி. ஆனால் "ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டோம், நகல் எதற்கு?" என்று விற்பவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். பேரேட்டைப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவையும் பேரேடு இருக்கிற அதே அலமாரியில் வைப்பது போன்றது அது. அலமாரி எரிந்தால்?

நமது மலைக்கு என்று ஒரு தனிச் சங்கடமும் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் மரம் விழுந்து கரண்ட்டுக் கம்பி அறும். மழை இல்லாத நாளில் யானை மரத்தைச் சாய்க்கும். செல்போன் டவர் அதோடு சேர்ந்து படுத்துவிடும். தருமத்துப்பட்டியிலிருந்து மேலே ஏறுகிற மலைப்பாதையில் பாதி வளைவுகளில் இன்றும் பேச்சு அறுந்து அறுந்துதான் வருகிறது. இங்கே எல்லாவற்றையும் கிளவுடில் வைத்தால், மிளகு மூட்டையோடு வந்து நிற்கிற தோட்டக்காரரிடம் "நெட் வரட்டும், பிறகு கணக்குப் பார்க்கலாம்" என்றா சொல்வது? அவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். சென்னையில் இருப்பவருக்குச் சரியானது ஆடலூருக்குச் சரியாகாது. இதை நமக்கு விற்க வருகிறவர் சொல்லமாட்டார். நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

எனவே நாங்கள் இப்போது செய்வது இது. கடையில் 16 ஜி.பி. மெமரி உள்ள ஒரு கம்ப்யூட்டர், நல்ல யு.பி.எஸ். அதற்குள் தோட்டக்காரர் கணக்குக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின், இன்டர்நெட் இல்லாமல். டாலிக்கு ஒன்று. மூன்றாவதாக ஒன்று, தெரியாத ஃபைல், வாட்ஸப்பில் வந்த பில் இவற்றைத் திறந்து பார்க்க. கெட்டால் அதை மட்டும் அழித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் புதிதாக வைத்துக்கொள்ளலாம். வாரா வாரம் மூன்றையும் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து, கீழே சரக்கு ஏற்றிப் போகும் வண்டியில் திண்டுக்கல்லில் உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறோம். இரண்டு டிஸ்க் மாறி மாறிப் போய் வருகிறது. வாடகைக் கணக்கையும் முழுக்க விடவில்லை, ஆடிட்டருக்காக வைத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை அதன் நகல் எங்கள் கைக்கு வந்தாக வேண்டும் என்று இப்போது எழுதி வாங்கிவிட்டோம். கேட்டவுடன் கொடுத்தார்கள் என்பதுதான் வேடிக்கை. முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே கொடுத்திருப்பார்கள் போலும்.

உறுப்பினர் ஒருவர், சங்கமே ஒரு பெரிய சர்வர் வாங்கி எல்லோருக்கும் தடுப்புப் போட்டுக் கொடுக்கலாமே என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. எங்களுக்கு உடன்பாடு இல்லை. தடுப்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையிடம் மாற்றுச் சாவி உண்டு. ஹைப்பர்வைசரை யார் பார்த்துக்கொள்கிறாரோ அவர் நினைத்தால் எல்லா மெஷினின் டிஸ்க்கையும் நகல் எடுக்க முடியும். நமது கொள்முதல் விலையும் பாக்கிக்காரர் பட்டியலும் ஒரே பெட்டியில் இருந்தால், இன்றைக்குச் சம்பந்தி போலப் பேசுகிற நாம் நாளைக்கு ஒருவரையொருவர் சந்தேகப்படுவோம். சங்கம் உடைய இதைவிட நல்ல வழி வேண்டாம்.

அதற்குப் பதில் வகுப்பு நடத்துங்கள் என்கிறோம். கடைப் பிள்ளைகளும், பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கல்லாவில் உட்காரும் மகன் மகள்களும் வரட்டும். பெரிய சம்பளப் பேச்செல்லாம் வேண்டாம். மலையில் நாலு பிள்ளைகள் இதைக் கற்றால் இருபது கடைக்கு ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் கெட்டால் கீழேயிருந்து ஆள் வருகிறவரை மூன்று நாள் துண்டுச் சீட்டில் பில் எழுதுவது நிற்கும். சொல்லித் தர எங்கள் மருமகன் மதுரையிலிருந்து வரச் சம்மதித்திருக்கிறார். பஸ் செலவும் மதியச் சாப்பாடும் போதும் என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்த பிறகு வைத்தால் எல்லோராலும் வர முடியும். வருகிறவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் எந்த விண்டோஸ், எவ்வளவு மெமரி, பில் புரோகிராம் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். வாடகையில் இருப்பவர்கள் ஒப்பந்தத் தாளையும் எடுத்து வாருங்கள், கூடிப் படித்துப் பார்க்கலாம். எங்கள் பழைய எக்ஸ்பி பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை. கடகடச் சத்தத்தோடு அதையும் கொண்டு வருகிறோம், எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை மாற்றிக் காட்டச் சொல்லலாம்.